துட்டி வீட்டின் மேல்மாடி

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் காலிக் கண்ணாடிப் பாட்டிலைத் தெருமுனைப் பெட்டியில் போடக் கூடாது. உடையும் சத்தம் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு என்று பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வந்த புதிதில் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஊறுகாய்ப் பாட்டிலை மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன். வெளியே ஒலிபெருக்கி, உள்ளே டிரைவரின் பாட்டு, இரண்டுக்கும் மேலே கண்டக்டரின் விசில் என்று சங்கரன்கோவில் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்வந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது என்பது இங்கே சட்டம். எனக்கு அது சட்டமாகத்தான் தெரிந்தது. அதற்குள் ஒரு மனது இருக்கிறது என்று தெரிய ஒரு வீட்டை இழக்க வேண்டியிருந்தது.

ஜெர்மனியின் கிழக்குப் பக்கம் இது. மேற்படிப்புக்காக வந்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். மாணவர் பயணச்சீட்டு இருந்தால் லைப்சிக், ட்ரெஸ்டன் என்று எங்கே வேண்டுமானாலும் ரயிலேறலாம். உடன் படிக்கிறவர்கள் அரண்மனை பார்க்கவும் ஆற்றங்கரையில் உட்காரவும் போனார்கள். முதல் ஐந்து மாதம் நான் போனதெல்லாம் வாடகை அறை பார்க்க. சொந்த விலாசம் இல்லாவிட்டால் அன்மெல்டுங் என்கிற பதிவு கிடையாது. அது இல்லாமல் விசாவை நீட்டிக்கப் போக முடியாது. அதுவரை என்னோடு படிக்கிற கடையநல்லூர் சாகுலின் விடுதி அறையில், தரையில் படுத்திருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் சட்டையைத் தேய்க்கும்போது, “பொண்ணு பாக்கப் போறான்லே மாப்ள. இந்த வாட்டியாவது பஜ்ஜி தருவாங்களான்னு கேட்டுட்டு வா” என்பான்.

பஜ்ஜி தரவில்லை. கேள்விதான் தந்தார்கள். ஒரு அறைக்கு இருபது பேர் வரிசையில் நிற்போம். உள்ளே போனால், “உன் பொழுதுபோக்கு என்ன?” என்பார்கள். படிப்பு என்று சொன்னேன், சிரித்தார்கள். அடுத்த இடத்தில், ஊரில் ஆடு மேய்த்திருக்கிறேன் என்றேன். அது பொழுதுபோக்கா என்று ஒரு பெண் ஆர்வமாகக் கேட்டாள். இல்லை, எங்களுக்கு அதுதான் பொழைப்பு என்பதை ஜெர்மனில் எப்படிச் சொல்வதென்று யோசிப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். பதில் எழுதுகிறோம் என்ற எவரும் எழுதவில்லை.

அந்த வரிசையின் முடிவில் கிடைத்தவர்கள்தான் லாங்கே தம்பதி. கிழவர் ஹெர் லாங்கே, பழைய ரயில்வே மெக்கானிக். பொழுதுபோக்கைக் கேட்கவில்லை. “சத்தம் போடுவாயா?” என்று மட்டும் கேட்டார். மாட்டேன் என்றேன். மேல்மாடி அறையின் சாவியைக் கையில் கொடுத்தார். பதினொரு மாதம் அங்கே இருந்தேன். மாடிப்படியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுவேன். குக்கர் விசிலடிக்கும் முன் அடுப்பை அணைப்பேன். பருப்பு பாதி வெந்தும் வேகாமலும் இருக்கும். படியில் எதிர்ப்பட்டால் ஹெர் லாங்கே இரண்டு விரலைத் தொப்பியில் வைத்து எடுப்பார். எங்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான்.

மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். இங்கே அடக்கம் பல நாள் கழித்துத்தான்; ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழ்வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் சாவு வீட்டுக்குக் கூப்பிட்டா போவார்கள்? எங்கள் பக்கத்தில் துட்டி கேட்பது என்போம். என் சின்ன வயதில் எங்கள் வீட்டார் வெளியூர் போனதே பெரும்பாலும் துட்டிக்குத்தான். மேலநீலிதநல்லூர் பக்கத்து மானாவாரி ஊர் எங்களுடையது. ஆட்டை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவிலில் பஸ் மாறி சிவகிரிக்குப் போவார். வெறுங்கையோடு போக வேண்டும். பேசாமல் உட்கார வேண்டும். காப்பித்தண்ணி குடிக்கக் கூடாது. கிளம்பும்போது “வாரேன்” என்று சொல்லவே கூடாது; சாவுக்கு மறுபடி வருவேன் என்று யார் சொல்வார்கள்? நம் பாட்டுக்கு எழுந்து வந்துவிட வேண்டும். வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் தலைக்குக் குளித்து, உடுத்திய துணியை நனைத்துப் போட வேண்டும். இது எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நடக்கக் கற்றுக்கொண்டது போலத்தான்.

அப்படியே செய்தேன். இருப்பதில் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். இறங்கும்போது, “மைன் பைலைட்” என்கிற இரங்கல் வார்த்தையைப் படிக்குப் படி சொல்லிப் பார்த்தேன். உள்ளே போனதும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. எல்லார் கையிலும் பூவோ இரங்கல் அட்டை வைத்த உறையோ இருந்தது. சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். மகள் கத்ரின் காப்பியும் கேக்கும் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். அரைமணி நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து மாடிக்கு வந்தேன். குளியலறையில் வாளி நிறையப் பிடித்துத் தலையில் ஊற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று வாளி. பிறகு சட்டையையும் பேண்ட்டையும் தொட்டியின் விளிம்பில் அடித்துத் துவைத்தேன். ஊரில் கல்லில் அடிக்கிற அதே அடி. பழைய வீடு அது. மாடித் தண்ணீர்க்குழாய் கீழே கூடத்துச் சுவரை ஒட்டித்தான் இறங்குகிறது. கீழே அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

மறுநாள் கத்ரின் மாடிக்கு வந்தாள். உட்காரவில்லை.

“எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கொடுத்ததைத் தொடவில்லை. போய்க் குளித்தாய். ஏன்?”

எங்கள் பழக்கம் என்று தொடங்கினேன். துக்கத்துக்குப் போய்வந்தால் குளிப்போம், அது மரியாதைக் குறைவு இல்லை என்றேன்.

“எதைக் கழுவினாய்?”

தீட்டு என்பதற்கு எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல் இல்லை. சுத்தமில்லாதது என்கிற மாதிரி ஏதோ சொன்னேன்.

“என் அப்பா அழுக்கா?”

இல்லை என்றேன். இல்லையென்றால் ஏன் குளித்தாய் என்று அவள் மறுபடி கேட்கவில்லை. இந்த மாதக் கடைசியில் அறையைக் காலிசெய்துவிடு, அம்மாவுக்கு இனி மேலே ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள். விசா நீட்டிப்புக்கு அலுவலகத்தில் எனக்கு நாள் குறித்திருந்தது அடுத்த மாதம் முதல் வாரத்தில்.

அன்றைக்கு முழுவதும் எனக்கு மாடசாமி ஞாபகமாகவே இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். ஊருக்குக் கிழக்கே காலனியில் இருந்து வருவான். கணக்கு நோட்டு வாங்க ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். வாசல் கல்லில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தான். அவன் போனதும் அம்மா ஒரு குடம் தண்ணீரை அந்தக் கல்லில் ஊற்றினாள். அவன் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். நான் நோட்டைப் புரட்டுவதுபோல நின்றேன். எதைக் கழுவுகிறாய் என்று அம்மாவிடம் நான் கேட்டதில்லை. அவன் அதற்குப் பிறகு வரவில்லை. துட்டிக் குளியல் வேறு, அது வேறு என்று எனக்குள் வாதாடிப் பார்த்தேன். கீழிருந்து கேட்கிறவனுக்குத் தண்ணீர்ச் சத்தம் ஒன்றுதான்.

சாகுலிடம் சொன்னேன். “ஏலே கூறுகெட்டவனே, மவுத்து வீட்டுக்குப் போனா ரெண்டு வார்த்த சொல்லிட்டுல்லா வரணும். நீ குத்தால அருவில குளிச்சிட்டு வந்திருக்க” என்றான். பிறகு, “சரி, பாயை எடுத்துட்டு வா” என்றான். பாய் கிடைத்துவிட்டது, விலாசம் கிடைக்காது.

ஆறுதலுக்குத்தான் அப்பாவைப் போனில் கூப்பிட்டேன். நான் செய்தது முறைதான் என்று அவராவது சொல்வார் என்று நினைத்தேன். பின்னால் ஆட்டுச் சத்தம் கேட்டது.

“துட்டிக்குப் போய்ட்டு வந்து குளிச்சேம்ப்பா. அதுக்கு வீட்டைக் காலி பண்ணச் சொல்லுதாங்க.”

“அந்தத் தாத்தா வீடு எங்கன இருக்கு, நீ எங்கன இருக்க?”

“அவங்க கீழ. நான் மேல. ஒரே வீடுதான்.”

அப்பா ஆட்டை அதட்டிவிட்டுக் கேட்டார்.

“ஒரே கூரைக்குள்ள இருக்கவன் துட்டி கேக்க வந்தவனாலே? துட்டி வீட்டுக்காரன்லா. நாலு பேருக்கு நாற்காலி எடுத்துப் போட்டிருக்கணும். நீ ஏம்லே குளிச்ச?”

போனை வைத்துவிட்டேன். இந்த ஊர் முறையில் தப்பு என்று கத்ரின் சொன்னாள். எங்கள் ஊர் முறையிலும் தப்பு என்று அப்பா சொல்லிவிட்டார். பதினொரு மாதம் ஒரு வீட்டில் இருந்துவிட்டு, விருந்தாளி மாதிரி போய் உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறேன்.

அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கீழ்வீட்டுத் தபால்பெட்டியில் போட்டேன். பதில் வரவில்லை. அடக்கத்துக்குப் போக எனக்குத் துணிவில்லை. மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்கப் போனபோது கிழவரின் மனைவி ஃப்ராவ் லாங்கே மட்டும் இருந்தாள். சாவியை வாங்கி மேசையில் வைத்தாள். கடிதத்தைப் படித்தேன் என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“என் கணவர் உன்னைப் பற்றி எல்லாரிடமும் சொல்வார். நல்ல பையன், மேலே ஆள் இருப்பதே தெரியாது என்பார். அன்றைக்குத்தான் நீ இருப்பது எங்களுக்குத் தெரிந்தது.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

இரண்டு பைகளையும் ட்ராமில் ஏற்றிக்கொண்டு, வழியில் கல்லறைத் தோட்டத்தில் இறங்கினேன். ஹெர் லாங்கேயை அடக்கிய புது மண்ணின் மேல் மாலைகள் வாடிக் கிடந்தன. பக்கத்துக் கல்லறையில் ஒரு அம்மாள் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் சுடுகாட்டுக்குப் பெண்கள் வருவதில்லை. பையைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தோளில் போட்டபடியே நின்றேன். இந்த முறை “மைன் பைலைட்” வாயில் வந்தது. கேட்க வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை.

சாகுலின் அறைக்கு வந்தேன். அவன் வகுப்புக்குப் போயிருந்தான். கல்லறைக்குப் போய்வந்த உடம்பு குளியலறை வாசலில் தானாக நின்றது. பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள். துட்டி வீட்டுக்காரன் என்றால் குளிக்க வேண்டியதில்லை. துட்டி கேட்கப் போன விருந்தாளி என்றால் குளிக்க வேண்டும். நான் யார் என்பதுதான் தெரியவில்லை. குழாயை நூல் மாதிரித் திறந்து, சத்தம் வராமல் தண்ணீரைக் கையில் ஏந்தி, ஒரு பாதத்தை மட்டும் கழுவினேன். மற்றது செருப்புக்குள்ளேயே இருந்தது.