நாற்பது மீட்டரில் ஓர் இரைச்சல்

கமலநாதன் உலகத்தோடு பேசுகிறவர். யாரும் கேட்காமலே அதைச் சொல்லிவிடுவார். பாசாரில் மீன் வாங்கும்போது மீன்காரரிடம் சொல்வார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து முடிப்பதற்குள் அவரிடமும் சொல்லிவிடுவார். "நேத்து ஜப்பான் கெடச்சிச்சு" என்று அவர் தொடங்கினால், ஏதோ ஜப்பானையே கையில் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கும்.

உலகத்தோடு அவர் என்ன பேசினார் என்பது அவர் மனைவி தாமரைக்குத் தெரியும். கிள்ளானில் அவர்களுடைய முனை வீட்டின் சமையலறைக்கு அடுத்த அறைதான் ரேடியோ அறை. சாயங்காலமானால் கமலநாதன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கை அழுத்துவார். உரிமத்தோடு கிடைத்த தன் அழைப்புக்குறியை எழுத்து எழுத்தாகச் சொல்வார். எங்கிருந்தோ ஒருவர் பதில் தருவார். உங்கள் சிக்னல் ஃபைவ் நைன், தெளிவாக விழுகிறது. உங்களுடையதும் ஃபைவ் நைன். இங்கே வெயில். அங்கே மழை. நன்றி, வணக்கம். இதற்காக ஓர் அறை, கூரைக்கு மேலே ஓர் இரும்புக் குழாய், அதிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கும் கம்பி. அந்தக் கம்பியில் ஒரு துண்டு காயப்போடக்கூட அவளுக்கு அனுமதி இல்லை.

துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர் அவர். லோரிக்காரர்களைத் திட்டியே வேலைக்காலம் கழிந்தது. ஓய்வு பெற்றதும் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. வீட்டிலிருந்தே வானலையில் பேசிக்கொள்ளும் மற்ற ஹாம் ரேடியோக்காரர்கள் அந்தக் குறையைத் தீர்த்தார்கள். மோர்ஸ் தந்திக்குறி தெரியாதவன் ஹாமே இல்லை என்பார். செய்தியைக் கம்ப்யூட்டரை அனுப்பவிட்டு, கம்ப்யூட்டரையே வாங்கவிட்டு, எத்தனை பேர் கிடைத்தார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறவன் வெறும் கிளார்க். இடுப்பில் வாக்கி டாக்கியோடு திரிகிறவன் செக்யூரிட்டி கார்டு. ரவாங்கில் இருந்த சொந்தத் தங்கை வள்ளியம்மாவோடு அவர் பேசுவதில்லை. ஏதோ ஒரு விசேஷத்தில் அவள் அந்த ரேடியோவைப் பொம்மை என்று சொல்லிவிட்டாள்.

தன் பிறந்தநாளுக்குத் தானே ஒரு பரிசு வாங்கிக்கொண்டார். அழைப்புக்குறி சிவப்பு எல்.இ.டி. எழுத்துகளில் எரியும் பலகை. ஆன்லைனில் எழுதிக் கொடுத்துச் செய்ய வைத்தது. கேட்டுக்கு மேலே மாட்டினார். இரவும் பகலும் எரிந்தது. "போறவன் வர்றவன் பாக்கணும்ல" என்றார். பார்த்தவர்களில் ஒருவர், கார் நம்பர் பிளேட் செய்கிற கடை என்று நினைத்து மணியடித்தார். தாமரை அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளே போய்ச் சிரித்தாள்.

அந்தக் காலத்தில்தான் நாற்பது மீட்டர் பேண்டில் இரைச்சல் வந்தது. அவர் சாயங்காலங்களில் பேசுகிற சிற்றலை அதுதான். கருவாடு பொரிவது போன்ற சத்தம், விடாமல். ரேடியோவில் இருக்கும் சிக்னல் மீட்டரின் முள் ஒன்பதில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு அடியில் யார் பேசினாலும் கேட்கவில்லை. கமலநாதன் ஒரு சின்ன ரேடியோவைத் தூக்கிக்கொண்டு தாமான் குடியிருப்பு முழுக்கத் திரிந்தார். நாசி லெமாக் சாப்பாட்டுக் கடையின் டியூப் லைட்டைச் சந்தேகப்பட்டார். யாரோ ஒருவர் வீட்டு மீன்தொட்டி மோட்டாரை நிறுத்தச் சொன்னார். கடைசியில் பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்த்து நின்றார். அங்கே கௌஸ் புதிதாக சோலார் தகடுகள் போட்டிருந்தார்.

கௌஸுக்குக் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை. நிதானமான மனிதர். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கமலநாதன் கூப்பிட்டதும் வந்தார்.

"ஒங்க சோலார் என் ரேடியோவ கெடுக்குது கௌஸ்."

"அப்படியா அண்ணே. போட்ட கம்பெனிக்காரங்கள வரச் சொல்லிப் பாக்கச் சொல்றேன்."

"அவங்க வந்து என்ன பண்ணப் போறாங்க. கடைக்காரங்களே இப்படித்தான். எதுலயும் மலிவு பாப்பீங்க."

கௌஸ் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். தாமரை ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முகம் சுட்டது. கௌஸ் சொன்னபடியே ஆளை வரவழைத்தார். அவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்து, கம்பிகளுக்கு ஏதோ கருப்பு வளையங்களை மாட்டிவிட்டுப் போனார்கள். இரைச்சல் இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஏங்க, வெயில் போனப்புறமும் சத்தம் வருதே. அப்பறம் எப்படி அது சோலார்?" என்று தாமரை கேட்டாள்.

"ஸ்டேண்ட்பைன்னு ஒன்னு இருக்கு. ஒனக்குப் புரியாது."

தாமான் வாட்ஸ்அப் குழுவில் அவர் எழுதினார். குறிப்பிட்ட ஒரு வீட்டின் தரம் குறைந்த சாதனத்தால் உரிமம் பெற்ற வானொலி நிலையம் ஒன்று பாதிக்கப்படுகிறது, உரிய அதிகாரிகளிடம் புகார் செய்யப்படும். எந்த வீடு என்று எழுதவில்லை. தாமானில் சோலார் போட்ட வீடு ஒன்றுதான். புரியாதவர்கள் எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள். அந்தத் தகடுகளால் புற்றுநோய் வருமா என்று ஒருவர் கேட்டார். கமலநாதன் அதற்கு இல்லை என்று எழுதவில்லை. சில பேர் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள்.

கௌஸின் மனைவி மரியமும் தாமரையும் தினமும் காலையில் சேர்ந்து பூங்காவில் நடப்பவர்கள். மரியம் வருவதை நிறுத்தினாள். மூட்டு வலி என்று செய்தி அனுப்பினாள். தாமரை தனியாக நடந்தாள். அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது குனிந்துகொண்டே போனாள்.

ஒருநாள் கௌஸ் தானே வந்தார். "அண்ணே, ஞாயித்துக்கெழம மத்தியானம் என் வீட்டு மெயின் சுவிட்ச ஆஃப் பண்றேன். சோலாரையும் நிறுத்திடுறேன். நீங்க கேட்டுப் பாத்துக்குங்க. அதோட முடிச்சுக்குவம் லா."

கமலநாதனுக்கு ஒரே மகிழ்ச்சி. சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று ரேடியோ கிளப்பின் செயலாளர் வேலாயுதத்தைச் செந்தூலிலிருந்து வரவழைத்தார். ரேடியோவைக் கார் பேட்டரியில் இணைத்து வைத்தார்கள். பக்கத்து வீட்டில் காற்றாடி நின்றது, ஏர்கான் நின்றது. மரியமும் அவள் மருமகளும் போர்ச்சில் நாற்காலி போட்டு, அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மருமகள் மடியில் இருந்த குழந்தை வியர்த்து அழுதது.

கருவாடு பொரிந்துகொண்டே இருந்தது. முள் அசையவில்லை.

கமலநாதன் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தார். "அப்ப அதுக்கும் அடுத்த வீடு" என்றார்.

வேலாயுதம் தொண்டையைச் செருமினார். "அண்ணே, மொதல்ல நம்ம வீட்ட ஆஃப் பண்ணிப் பாக்கணும். புதுசா சேர்ற ஆளுக்கே அதான் சொல்லிக் கொடுப்போம்."

"என் வீட்டயா? என் வீட்ல இருக்கிறது எல்லாம் நான் பாத்துப் பாத்து வாங்குனது."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தாமரை எழுந்து போனாள். வாசல் கதவுக்குப் பின்னால் இருந்த பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள்.

சத்தம் அடங்கியது. முள் விழுந்தது. ஓர் இந்தோனேசியக்காரர் யாருக்கோ தன் ஆண்டெனாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல் கேட்டது. கௌஸ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலாயுதம் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு மெயினைப் போட்டார். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். விளக்கு, ஃபிரிட்ஜ், டி.வி., ஒன்றுக்கும் சத்தம் வரவில்லை. கேட்டு விளக்கின் சுவிட்சைப் போட்டதும் சிவப்பு எழுத்துகள் எரிந்தன. இரைச்சல் திரும்பி வந்தது.

"செஞ்சவன் சரியில்ல" என்றார் கமலநாதன். "படத்துல நல்லாத்தான் இருந்துச்சு."

கௌஸிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலாயுதத்துக்குத் தேநீர் கொடுக்கக்கூடச் சொல்லாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாமரைதான் போய் மரியம் முன்னால் நின்றாள். என்ன சொல்வதென்று தெரியாமல் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "ஒங்க மேல ஒன்னும் இல்லக்கா" என்றாள் மரியம். உங்கள் வீட்டுக்காரர் மேல்தான் கோபம் என்று அவள் சொல்லாததும் தாமரைக்குக் கேட்டது.

அதோடு விட்டிருந்தால் தாமரையும் விட்டிருப்பாள். அடுத்த சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் காதில் பக்கத்து அறைப் பேச்சு விழுந்தது. கேட்டுப் பலகையை அணைத்துவிட்டு, தைப்பிங்கில் இருக்கும் சின்னையா என்ற ஹாம் நண்பரிடம் கமலநாதன் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க தாமான்ல ஒரு வீட்ல மலிவு லைட்டு ஒன்னு மாட்டியிருக்காங்க. பெரிய எடஞ்சல். பாடுபட்டு ஒருவழியா கண்டுபுடிச்சாச்சு."

அவர் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை என்பதுதான் தாமரைக்கு அருவருப்பாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அதுவரை அந்தக் குழுவில் அவள் பிறந்தநாள் வாழ்த்தைத் தவிர எதுவும் எழுதியதில்லை. ரேடியோவைக் கெடுத்தது எங்கள் வீட்டு வாசல் விளக்கு, கௌஸ் அண்ணன் வீட்டில் எந்தக் கோளாறும் இல்லை, அவர்களைச் சங்கடப்படுத்தியதற்கு மன்னிக்கவும், தாமரை. இவ்வளவுதான் எழுதினாள். முன்பு கட்டைவிரல் காட்டிய அதே ஆட்கள் இதற்கும் காட்டினார்கள்.

கமலநாதன் போனைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு வந்தார். "என் மானத்த வாங்கிட்டியே."

"வாங்குறதுக்கு என்னங்க இருந்துச்சு."

அன்றிலிருந்து அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார். வேறு ஏதாவது தேவையென்றால் இருமினார். தாமரை ரவாங்குக்குப் போன் செய்து எல்லாவற்றையும் வள்ளியம்மாவிடம் சொன்னாள். வள்ளியம்மா, மூச்சு வாங்கும்வரை சிரித்துவிட்டு, இந்த வாரமே வருகிறேன், அவர் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மரியம் கேட்டருகே நின்றாள். காலில் நடக்கிற சப்பாத்து போட்டிருந்தாள். மூட்டு வலியைப் பற்றி இருவருமே பேசவில்லை. பூங்காவைப் பாதி சுற்றியதும் மரியம் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணன் இன்னும் பேசலியாக்கா?"

"இல்ல" என்றாள் தாமரை. "வீடு நல்லாருக்கு."