தாமதமாய்த் துளிர்த்த தேக்கு

பத்து வருடம் இருக்கும். வியட்நாமில், சைகோனில் குடியிருந்துகொண்டு, பக்கத்து ஊரான கூச்சியில் ஒரு சின்னத் தையல் ஃபேக்டரியில் மேனேஜராக இருந்தேன். ‘பொறுமையா? அது கிலோ என்ன விலை?’ என்று கேட்கிற ரகம் நான்.

ஃபேக்டரி வாசலில் இரண்டு தேக்கு மரங்கள். ஒன்றின் அடியில் என் வயதொத்த வியட்நாமியப் பெண் ஒருவர் நூடுல்ஸ் கடை போட்டிருந்தார். எங்கள் தொழிலாளர்கள் மதியம் அங்கேதான் சாப்பிடுவார்கள். அந்த நிழலை நம்பித்தான் அவர் பிழைப்பு ஓடியது.

முந்தைய வருடம் அந்த மரத்தின் இலைகளைப் புழுக்கள் வெறும் நரம்பாக்கிவிட்டிருந்தன. அந்த வருடம் முதல் மழை விழுந்ததும் பக்கத்து மரம் ஜம்மென்று துளிர்த்தது. இது மட்டும் மொட்டையாகவே நின்றது. பட்டுப்போன கிளை யார் தலையிலாவது விழுந்தால் நான்தானே பதில் சொல்ல வேண்டும்? ‘இது தேறாது’ என்று முடிவுகட்டி, வெட்ட ஆள் வரச் சொன்னேன். என் மனைவி போனில், “மரத்துக்குமா நோட்டீஸ் குடுக்குறீங்க?” என்று கிண்டலடித்தாள்.

ரம்பத்தோடு ஆட்கள் வந்து இறங்கியதும், கடைக்காரப் பெண் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து மரத்தின் முன்னால் நின்றார். காட்டோரம் வளர்ந்தவராம். அவர் மொழியில் சொன்னது என் அரைகுறை அறிவுக்கும் புரிந்தது.

“புழு தின்ன மரம் மறு வருஷம் லேட்டாத்தான் சார் துளிர்க்கும். மூணு வாரம் விடுங்க. அப்பவும் வரலேன்னா நானே கடையைக் காலி பண்ணிடறேன்.”

எரிச்சலோடுதான் ஒப்புக்கொண்டேன். வெட்ட வந்தவர்களுக்கு அவரே காபி கொடுத்து அனுப்பினார்.

ஒரு வாரத்தில் புழுக்கள் வந்தன. பக்கத்து மரத்தின் பிஞ்சு இலைகளை மேய்ந்து தள்ளின. மொட்டை மரத்தில் அவற்றுக்குத் தின்ன என்ன இருக்கிறது? தின்று கொழுத்தவை நூல் விட்டு இறங்கி மண்ணுக்குள் போய்விட்டன.

பத்தொன்பதாம் நாள் காலை நான் பைக்கை நிறுத்தும்போது, அவர் மேலே கை காட்டினார். கிளை நுனியெல்லாம் செந்தளிர். தாழ்ந்த கிளையில் ஒன்றைக் கிள்ளிக் கசக்கினேன், விரல் சிவந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கிண்ணம் நூடுல்ஸை என் முன்னால் வைத்தார்.

தையல் மெஷினில் பின்தங்கும் புதுப் பெண் யாரையாவது பார்த்து ‘இது தேறாது’ என்று சொல்ல நாக்கு துருதுருக்கும்போதெல்லாம், அந்தச் செந்தளிர் இன்றைக்கும் என் வாயைப் பொத்திவிடுகிறது.