கடைசிப் பெயருக்குப் பின் ஓர் இடம்

என் மேசை இழுப்பறையில் பழுப்பேறிய தாள் ஒன்று கிடக்கிறது. அதில் ஒன்று முதல் அறுபத்து நான்கு வரை எண் போட்ட பெயர்கள். எல்லாரும் ஒரு பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் கூட வந்தவர்களைத் தவறவிட்டு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் உதவி மையத்தில் வந்து உட்கார்ந்தவர்கள். அறுபத்தைந்தாவது ஆள் அந்தத் தாளில் இல்லை.

அந்தப் பட்டியலை அச்சடிக்கும் கணினி நிரல் நான் எழுதியது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி, அதன் பின்னால் பெயரும் ஊருமாக வரிசையாகச் சேர்த்தால் போதும். எண் போட்டு, மைக்கில் படிக்கத் தோதாகப் பெரிய எழுத்தில் தந்துவிடும். தட்டுகிறவர், கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன ஆபரேட்டர் மேடம். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனாலும் நான் அவருக்கு சார், அவர் எனக்கு மேடம்.

மேடத்திடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பட்டியலைத் தட்டினாலும் கடைசிப் பெயருக்குப் பிறகு 'அவ்ளோதான்' என்று ஒன்றைச் சேர்ப்பார். ஒருமுறை மைக்கில் படிப்பவர் அதையும் ஒரு பெயராக நினைத்து, "அவ்ளோதான், எங்கிருந்தாலும் உடனே வரவும்" என்று படித்துவிட, பேருந்து நிலையமே சிரித்தது. எனக்கு மானம் போனது. அதை எடுத்துவிடச் சொல்லிப் பலமுறை எரிந்து விழுந்திருக்கிறேன். "இருக்கட்டும் சார், அது வந்தாதான் எல்லாரும் வந்துட்டாங்கனு எனக்கு ஒரு நிம்மதி" என்பார்.

அந்தப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை, இந்தப் பட்டியலைப் படித்து முடித்தார்கள். கடைசியில் அந்தச் சொல் வரவில்லை. ஒருவழியாக என் பேச்சுக்கு மரியாதை கிடைத்ததென்று உள்ளூர மகிழ்ந்தேன். மேடமோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"சார், அவ்ளோதான் வரல. யாரோ வுட்டுப்போயிட்டாங்க."

வந்தவர்களின் பெயரைக் குறித்துவைத்த சீட்டுகளைப் பரப்பித் தாளோடு ஒத்துப் பார்த்தார். விடுபட்டவர் சித்தூர்ப் பக்கத்துப் பெரியவர். தமிழ் தெரியாது, காதும் மந்தம், கையில் போனும் இல்லை. செருப்பைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மேடம் ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கி, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் அவர் பெயரையும் ஊரையும் திரும்பத் திரும்பச் சொன்னார். நகரத் தொடங்கியிருந்த வேன் ஒன்று நின்றது. அவர் மகள் அழுதுகொண்டே இறங்கி ஓடி வந்தாள். வேறு வேனில் ஏறிவிட்டார் என்று நினைத்தார்களாம்.

தப்பு என்னுடையது. பெயர்களுக்காக நினைவகத்தில் அறுபத்து நான்கு இடம் மட்டும் ஒதுக்கியிருந்தேன். அதற்கு மேல் வந்தால் சத்தமில்லாமல் விட்டுவிடும்படி நானேதான் எழுதியிருந்தேன். நிரல் பாதியில் நின்று என் பேர் கெடக் கூடாது என்பதில் இருந்த அக்கறை, ஒரு மனிதர் விடுபடக் கூடாது என்பதில் இல்லை. கணினியே கட்டளையின் சொற்களை நிரலிடம் கொடுக்கும்போது, முடிந்தது என்று காட்டக் கடைசியில் ஓர் அடையாளம் வைத்துத்தான் கொடுக்கிறது. அதைப் படித்துத் தேர்வு எழுதியவன் நான். மேடம் படிக்காமலே அதைச் செய்துகொண்டிருந்தார்.

"என்ன சார், மிஷின்ல கோளாறா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பாவம், அதுக்குந்தான் எத்தினி பேரு ஞாபகம் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றப் போனார். அந்தப் 'பாவம்' என்னை இன்னும் சுடுகிறது.

அன்றே நிரலை மாற்றினேன். முதலில் எத்தனை பெயர் என்று எண்ணும். அத்தனைக்கும் நினைவகத்தில் இடம் கேட்கும். கூடவே இன்னும் ஓர் இடம். வேலை முடிந்ததும் வாங்கிய இடத்தையெல்லாம் கணினிக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அந்தக் கூடுதல் இடம் மேடத்தின் சொல்லுக்கு. எடுத்துவிடச் சொல்ல அதன் பிறகு எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். ஒப்பந்தம் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை மேடம் எல்லாருக்கும் மிக்சர் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன் எண்ணைக்கூட நான் வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போது நான் இருப்பது வேங்கிக்காலில், வேறு வேலையில். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் பேருந்து நிலையம் வழியாகப் போனால், ஒலிபெருக்கியில் பெயர்கள் வாசிப்பது கேட்கும். வண்டியை ஓரங்கட்டிக் கடைசிப் பெயர் வரை நிற்பேன். அதற்குப் பின் எதுவும் வருவதில்லை. இழுப்பறைத் தாளில் வராதது போலவே. யாரையோ விட்டுவிட்டார்கள் என்று சொல்ல, அங்கே இப்போது யாரும் எழுந்து ஓடுவதில்லை.