குறைந்துகொண்டே வந்த குழம்பு

எங்கள் கோட்டுச்சேரி வீட்டின் சமையலறையை இடித்தது எழுபதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணமான மறு வருஷம். ஓட்டைத் தாங்கிய சட்டங்களைக் கறையான் தின்றிருந்தது. தளம் போட்டு, நின்று சமைக்க மேடையும் கட்டிவிடலாம் என்றார் என் கணவர். காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் அவருக்கு எழுத்தர் வேலை. மாமனார் தலையை மட்டும் ஆட்டினார். கொத்தனாரை மாமியார் முடிவு செய்தார்.

அதுவே எனக்கு இடித்தது. கோட்டுச்சேரியில் இல்லாத கொத்தனாரா? காரைக்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் போலகத்திலிருந்து ஒரு மனிதர் தினமும் சைக்கிள் மிதித்து வருவானேன்? கேட்டேன்.

"அவருக்குக் கை சுத்தம்மா" என்றார் மாமியார்.

சமையல் கிணற்றடிக்கு வந்தது. தலைக்கு மேல் நாலு கீற்று, கீழே செங்கல் அடுப்பு, அவசரத்துக்கு ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். அரிசி மூட்டை மாமனார் அறையிலும் புளிப்பானை எங்கள் கட்டிலுக்கு அடியிலும் இருந்தன. அம்மியை ஜல்லிக் குவியல் மூடிவிட்டதால் மிளகாய் அரைக்கப் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும். கடல் காற்று திரும்பும் பக்கமெல்லாம் நானும் அடுப்பை மறைக்கும் தகரத்தைத் திருப்பித் திருப்பி வைப்பேன். அப்படியும் சோற்றில் சிமெண்ட் நெறநெறக்கும். மாமனார் மென்றபடி என்னை நிமிர்ந்து பார்ப்பார்.

குழம்பு குறைவதை ஒரு மீன் நாளில்தான் கவனித்தேன். சட்டியின் உட்புறத்தில் குழம்பு நின்ற மட்டம் சிவப்புக் கோடாகத் தெரிந்தது. குழம்போ அதற்கு நன்றாகக் கீழே கிடந்தது. வீட்டில் இன்னும் யாரும் சாப்பிடவில்லை. பூனையென்றால் மீனோடு போயிருக்கும், மூடியைத் திரும்பப் பொருத்தி வைத்திருக்காது. கலவை சுமந்த சித்தாள் பெண்ணைச் சந்தேகப்பட்டேன். அவள் வராத நாளிலும் வத்தக்குழம்பு குறைந்தது. மிச்சம் கொத்தனார்தான்.

அவருடைய தூக்குச்சட்டி சைக்கிள் கைப்பிடியில் தொங்கும். காலையில் வரும்போது அது டங் டங்கென்று ஆடி வரும். சாயங்காலம் போகும்போது அசையாமல் தொங்கும். கை சுத்தம்!

கணவரிடம் சொன்னேன். "வேலை முடியட்டும், விடு" என்றார், முகத்தைப் பார்க்காமல். இவருக்கும் ஏதோ தெரியும் என்று அன்றே தோன்றிவிட்டது.

ஒரு நாள் கொத்தனார் கிளம்பும் நேரம் சைக்கிளை மறித்துக்கொண்டு நின்றேன்.

"கொத்தனாரே, தூக்குல என்ன?"

அவர் என் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தார். மாமியார் நின்றிருந்தார்.

"நாந்தான் குடுத்தேன். மீந்ததும்மா, பாவம்."

மீந்ததா? நான் இறக்கிய சூடு ஆறுவதற்குள் எது மீந்தது? திருடுகிறவரைப் பிடிக்கப்போய், கொடுக்கிறவரைப் பிடித்தவளாக நின்றேன். எனக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு அவருக்கும் கொத்தனாருக்கும் என்ன?

மேடை பூசியாயிற்று, தளமும் காய்ந்தது. புது அடுப்பில் சமைக்கலாம் என்று காத்திருந்தேன். அத்தனை நாள் புகையில் என்னோடு கண்ணைக் கசக்கிய மாமியாருக்குத் திடீரென்று எதுவும் பிடிக்கவில்லை. அலமாரிப் பலகை கோணலாம். புகைபோக்கி போதாதாம். பூசியதைக் கொத்திவிட்டு மறுபடி பூசச் சொன்னார். கொத்தனாரும் மறுப்பின்றிக் கொத்தினார். வேலை முடியக்கூடாதென்று இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்வதாகவே எனக்குப் பட்டது. மழை வேறு பிடித்துக்கொண்டது. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு குழம்பு தாளித்தேன்.

அந்த மழையில்தான் கொத்தனார் ஒரு நாள் வரவில்லை. மாமியார் வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்தார். மாமனார் வயலுக்குப் போனதும் எங்கள் வீட்டுத் தூக்கில் சோறும் குழம்பும் தனித்தனியாகக் கட்டி என் முன்னால் வைத்தார்.

"பஸ்ஸுல போலகம் வரைக்கும் போயிட்டு வர்றியாம்மா?"

"யாருக்கு அத்தை?"

"எம் பொண்ணுக்கு."

என் கணவருக்கு ஒரு தங்கை உண்டு, வேறு சாதியில் கட்டிக்கொண்டு போனவள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவளைப் பற்றி இந்த வீட்டில் பேசுவது மாமனார் கட்டளையால் நின்றுபோயிருந்தது. எந்த ஊர் என்றுகூட யாரும் சொன்னதில்லை.

"வாயும் வயிறுமா இருக்கா. எதத் தின்னாலும் வாந்தியாம். நம்ம வீட்டுச் சோறு மட்டுந்தான் தங்குதாம். அந்தக் கொத்தனாரு அடுத்த வூடு."

காரைக்காலில் நாகப்பட்டினம் பஸ் மாறி, இறங்கிச் சேற்றில் நடந்து விசாரித்துப் போனேன். கதவைப் பாதி திறந்த பெண்ணுக்கு என் கணவரின் மூக்கு. வயிறு நன்றாகத் தெரிந்தது.

"யாருங்க?"

"கோட்டுச்சேரிலேர்ந்து வர்றேன். உங்கம்மா குடுத்தாங்க."

தூக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கதவை முழுதாகத் திறக்கவில்லை. "அம்மாவுக்கு என்ன ஆச்சு? உண்மையச் சொல்லுங்க."

"ஒண்ணும் ஆவலியே. நல்லா இருக்காங்க."

"பொய். அம்மா வச்ச கொழம்புன்னுதான் கொத்தனாரு குடுக்குறாரு. ஆனா அது அம்மா கை இல்ல. அம்மா வெந்தயம் போடாம வைக்காது. படுத்த படுக்கையா கெடக்கு, எங்கிட்ட ஒளிக்கிறீங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "கொழம்பு வச்சது நாந்தாம்மா. உங்க அண்ணன் சம்சாரம்."

கதவு முழுதாகத் திறந்தது. "உள்ள வாங்க அண்ணி" என்றாள். அங்கேயே உட்கார்ந்து, என் கண் முன்னாலேயே சாப்பிட்டாள். வெந்தயம் போடச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம், இதுவே பழகிடுச்சு" என்றாள்.

அதன்பின் உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போட்டேன். மாமியாரும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

புது மேடையில் பால் காய்ச்சியதற்கு மறுநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனார் தலை நிமிராமல் சொன்னார்: "கொல்லச் சுவரு வெடிச்சிருக்காப்ல இருக்கு. அந்தப் போலகத்துக் கொத்தனார வந்து பாக்கச் சொல்லு."

கை கழுவிக்கொண்டு போய் அந்தச் சுவரை முழுக்கத் தடவிப் பார்த்தேன். எங்கும் ஒரு கீறல்கூட இல்லை.

நாத்தனாருக்குப் பிள்ளை பிறந்த பிறகும் மாமனார் போலகத்துக்குப் போகவில்லை. பேரனை மாமியார் கொண்டுவந்து காட்டியபோது அரை நொடி பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்ததா என்று கணவரிடம் பல தடவை கேட்டிருக்கிறேன்.

"நீயே அப்பாகிட்டக் கேளேன்" என்பார்.

எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. என் கணவருக்கும்தான்.