கப்பலின் அந்தப் பக்கம்

என் கடைப் பலகையில் கரண்ட் பில், பட்டா, சாதிச் சான்றிதழ், ரயில் டிக்கெட் என்று பதினேழு வேலைகளை எழுதிப் போட்டிருந்தேன். தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி சங்கரலிங்கம் நெட் சென்டர் எங்கே என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். காட்டிவிட்டு, "கொஞ்சம் சிடுசிடுப்பான ஆளு, பாத்துப் பேசுங்க" என்றும் சொல்லி அனுப்புகிறார்களாம். சொல்லட்டும். ஆதார் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு ஆதார் திருத்த வருகிறவர்களைப் பார்த்து நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

அந்தப் பதினேழில் கப்பல் டிக்கெட் கிடையாது. துறைமுக ஊரில் கடை போட்டு இருபது வருஷம் ஆகியும் அதை ஒருவரும் கேட்டதில்லை. முதலில் வந்து கேட்டது பேச்சித்தாய் அக்காதான்.

அக்கா ஆத்தூர்ப் பக்கம் வயல்காட்டு ஊரில் பிறந்தவள். உப்பு லாரி ஓட்டிய வெள்ளத்துரையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். வந்த மறு வருஷமே துறைமுகத்தில் சாக்கு தைக்கப் போனாள். மூட்டைகளைக் கப்பலில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் கொக்கி பட்டுக் கிழியும். கிழிந்த மூட்டையைச் சரக்கு சிந்தச் சிந்த அந்த இடத்திலேயே கோணி ஊசியால் தைத்துக் கொடுக்கவேண்டும். தலையில் ஒரு துண்டு, கையில் ஊசி, எதிரே மலை உயரத்துக்குக் கப்பல். இருபத்தாறு வருஷம் இப்படி.

கண்டெய்னர் வந்து மூட்டை குறைந்தபோது அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. கனத்த துணி தைக்கிற மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு, உப்பளத்தில் உப்பு அம்பாரத்தை மூடும் தார்ப்பாய் தைக்க ஆரம்பித்தாள். இன்றைக்கு அவளிடம் மூன்று மெஷின் ஓடுகிறது, ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். வானம் கறுத்தால் அளத்துக்காரர்கள் சாமியைக் கூப்பிடுவதற்கு முன்னால் அக்காவைத்தான் போனில் கூப்பிடுவார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு ஏன் நெஞ்சு நிமிர்கிறது என்று தெரியவில்லை. அவள் எனக்கு உறவுகூட இல்லை.

போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை மதியம், அக்கா கடைக்குள் வந்து ஒரு தாளை என் முன்னால் வைத்தாள்.

"அண்ணாச்சி, இதைப் படிச்சுச் சொல்லுங்க."

என்னைவிடப் பத்து வயது மூத்தவள். இருந்தாலும் கடைக்காரன் என்றால் எங்கள் ஊரில் அண்ணாச்சிதான். தாளைப் படித்தேன். சென்னையில் ஏறிக் கொழும்புக்குப் போய்த் திரும்பும் உல்லாசக் கப்பல், ஐந்து நாள், வெள்ளத்துரைக்கும் பேச்சித்தாய்க்கும் ஓர் அறை. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் உறுதி சொல்லவேண்டும், இல்லையென்றால் அறை கைவிட்டுப் போகும் என்று டிராவல்ஸ்காரர்கள் கீழே எழுதியிருந்தார்கள்.

"என்னக்கா, கப்பல்லயா போவுதீய?"

"ஆமா, அறுபது முடியுதுல்லா. இருபத்தாறு வருஷம் கப்பலுக்குக் கீழ இருந்தேன், ஒரு நாளாச்சும் மேல ஏறிப் பாக்கவேண்டாமா? அப்போ எங்களைக் கப்பல் ஏணில காலு வைக்க விடமாட்டாவ. அதுகூடப் போவட்டும். நான் எத்தனை கப்பலு பாத்திருக்கேன், எல்லாத்துலயும் கரையைப் பாத்த பக்கத்தை மட்டுந்தான் பாத்திருக்கேன். கடலைப் பாத்த பக்கம் எப்படி இருக்கும், அங்கன இருந்து பாத்தா என்ன தெரியும்னு ஒரு நாளும் பாத்ததில்ல. அதைத்தான் பாக்கணும். என் ரூமுல இருந்தே பாக்கணும். எந்திரிச்சா கடலு, படுத்தா கடலு. எனக்கு அம்புட்டுதான் வேணும்."

நான் மறுபடி தாளைப் பார்த்தேன். அறை வகை என்ற இடத்தில் 'இன்சைடு' என்று இருந்தது. கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தேன். படம் வந்தது. கட்டில் இருந்தது, விளக்கு இருந்தது, சுவரில் ஒரு பூப்படம்கூட இருந்தது.

"அக்கா, இதுல சன்னல் கிடையாதே."

அக்கா சிரித்தாள். "நல்லாப் பாருங்க. உள் ரூமு அது. ரெனிஷ் தம்பி சொன்னானே."

டிராவல்ஸில் உட்கார்ந்திருக்கும் ரெனிஷ், "உள் ரூம் வேணுமா, வெளி ரூம் வேணுமா?" என்று கேட்டிருக்கிறான். அக்கா யோசிக்கவே இல்லை, உள் ரூம் என்றிருக்கிறாள். எங்கள் பக்கத்து வீடுகளில் உள் ரூம் என்றால் அது மரியாதை. பீரோ அங்கேதான் இருக்கும், புது மாப்பிள்ளைக்குப் பாய் விரிப்பதும் அங்கேதான். வெளி ரூம் என்பது போகிறவன் வருகிறவன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரும் இடம். கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் நானும் உள் ரூம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கப்பலில் உள் ரூம் என்றால் நடுவயிற்றில் நாலு பக்கமும் சுவர். மரியாதை எல்லாம் வெளி ரூமுக்குத்தான்.

இதை நான் விளக்கி முடித்ததும் அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று.

"ஒரு ஓட்டைகூட இல்லியா?"

"இல்லக்கா."

ரெனிஷைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். அவன் கெட்ட பையன் இல்லை, அதனாலேயே எனக்குக் கூடுதல் எரிச்சல். திட்டவும் முடியவில்லை.

"அக்கா, நீங்கதான உள் ரூம் கேட்டீய? எங்களுக்கு ஒதுக்கினதுல இப்போ உள் ரூம் மட்டுந்தான் மிச்சம். அதுவும் அஞ்சு மணி வரைக்குந்தான் நிக்கும். ரூம்ல படுக்கத்தான போறீய? கடல் பாக்கணும்னா மேல டெக்குக்கு வந்து ஆசை தீரப் பாருங்க."

நியாயமாகத்தான் பட்டது. நானும் அதையே சொன்னேன். "அக்கா, மேல போயிப் பாத்துக்கிடலாமே. காத்தும் நல்லா வரும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நில்லுன்னா நின்னு, போன்னா போயி இருபத்தாறு வருஷம் பாத்தாச்சு அண்ணாச்சி. ஊரெல்லாம் நிக்கிற இடத்துல எட்டிப் பாக்கவா நான் இம்புட்டுத் தூரம் போறேன்? கப்பல்காரங்ககிட்டயே நேராக் கேக்க முடியாதா?"

முடியும் என்றேன். முடியுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பதினேழு வேலை தெரிந்தவன் என்று பலகை மாட்டிவிட்டுத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

கப்பல் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தேன். கப்பலை மாடி மாடியாக வெட்டி வைத்ததுபோல் ஒரு வரைபடம் வந்தது. நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டிக் கட்டங்கள், பொடி எழுத்தில் எண்கள். எனக்குக் கண்ணைச் சுற்றியது. காலியாக இருந்த வெளி அறை ஒன்றே ஒன்றுதான். சன்னல் உண்டு என்று போட்டிருந்தது. அதுவும் போய்விடுமே என்று அவசரமாக அழுத்தப் போனேன்.

"பொறுங்க," என்று அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் விரலை வைத்தாள். "இது முன்பக்கம். இது புகைபோக்கி. இந்தா, ஓரத்துல வரிசையா நீள நீளமா இருக்கே, இது என்ன?"

"ஏதோ டிசைன்."

"டிசைனா? லைஃப் போட்டு அண்ணாச்சி. கப்பலுக்கு ஆபத்துன்னா இறக்குத போட்டு. ரெண்டு பக்கமும் வரிசையாத் தொங்கும். வருசக்கணக்கா அண்ணாந்து பாத்திருக்கேம்லா. நீங்க பாத்த ரூமு அதுக்கு நேரா இருக்கு. சன்னலைத் திறந்தா போட்டோட வயிறுதான் தெரியும், கடலு தெரியாது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. படத்தில் சன்னல் பளிச்சென்று இருந்தது. கம்பெனி எண்ணுக்குப் போன் போட்டேன். பாட்டு ஓடியது, எட்டை அழுத்து, இரண்டை அழுத்து என்றது, மறுபடி பாட்டு ஓடியது. கடைசியில் ஒரு பெண் தமிழில் பேசினாள், ஜெபசுதா என்று பெயர் சொன்னாள். நான் பேசுவதற்குள் அக்கா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பாப்பா, ஒரு ரூம் நம்பர் சொல்லுதேன். அந்தச் சன்னலுக்கு வெளிய லைஃப் போட்டு தொங்குமா?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"ஆமா மேடம். பாதிக்கு மேல மறைக்கும். சின்ன எழுத்துல போட்டிருக்காங்க. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நிறைய கப்பல்ல போயிருக்கீங்களா?"

"போனதில்ல பாப்பா. கீழ இருந்திருக்கேன்."

கடையில் அப்போது நாலு பேர் காத்திருந்தார்கள். நாலு பேரும் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டாவுக்கு வந்த ஒரு பெரியவர் எழுந்து அக்காவுக்கு ஃபேனைத் திருப்பி வைத்தார்.

ஆனால் வேறு அறை இல்லை. ஜெபசுதா தேடிப் பார்த்துவிட்டு அப்படித்தான் சொன்னாள். யாராவது ரத்து செய்தால் வரலாம், காத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். அதே நேரத்தில் என் இன்னொரு போனில் ரெனிஷ் வந்துவிட்டான். மணி நாலு ஐம்பது.

"அண்ணாச்சி, உள் ரூமை வச்சுக்கிடவா, விடவா? பின்னால ரெண்டு பார்ட்டி கேட்டு நிக்காங்க."

நான் போனைப் பொத்திக்கொண்டு அக்காவிடம் கிசுகிசுத்தேன். "வச்சுக்கிடுங்கக்கா. இல்லன்னா கப்பலே இல்லாமப் போயிரும்."

அக்கா ஒரு காதில், ஜெபசுதா காத்திருக்கச் சொல்லிப் போட்டுவிட்ட பாட்டைக் கேட்டபடியே தலையை ஆட்டினாள். "விட்டுரச் சொல்லுங்க."

"அக்கா!"

"சன்னல் இல்லாத கப்பலுக்கு நான் எதுக்கு? என் வீட்டுலயே நாலு சுவரு இருக்கு. விட்டுரச் சொல்லுங்க."

சொன்னேன். ரெனிஷ், "சரி அண்ணாச்சி, உங்க இஷ்டம்," என்று வைத்துவிட்டான். ஐந்து மணி ஆயிற்று, ஐந்தேகால் ஆயிற்று. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நான் யார் யாருக்கோ கரண்ட் பில் கட்டினேன். ஒருவருக்குப் பக்கத்து வீட்டு பில்லைக் கட்டிவிட்டேன் என்று மறுநாள்தான் தெரிந்தது.

ஐந்தரைக்கு ஜெபசுதா திரும்பி வந்தாள். ஓர் அறை இப்போதுதான் காலியாகியிருக்கிறது, பெரிய சன்னல், இடது பக்கம், கப்பலின் பின்பகுதி, எஞ்சின் சத்தம் கொஞ்சம் கேட்கும் என்றாள்.

"சத்தம் கிடக்கட்டும், நான் தையல் மெஷினுக்குப் பக்கத்துல தூங்குதவ. போட்டுக்கு மேலயா கீழயா?"

"கீழ மேடம். ரெண்டு மாடி கீழ. ஒண்ணும் மறைக்காது."

"அப்போ போடு பாப்பா."

அன்றைக்கு என் பங்கு என்று பார்த்தால், சர்நேம் என்று கேட்ட கட்டத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி வெள்ளத்துரை என்று அடித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். அடித்து முடிக்கும்போது அந்த வெள்ளத்துரையே அக்காவைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ரூமுல ஃபேனு உண்டா?"

அடுத்த ஒரு மாதம் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். இலவசமாகவே சொன்னேன். வரைபடத்தைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னதும், அந்தப் பெண் திகைத்ததும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளர்ந்தது உண்மைதான். பலகையில் பதினெட்டாவதாகக் கப்பல் டிக்கெட் என்று எழுதச் சொன்னேன். பெயிண்டர், "யாரு அண்ணாச்சி இங்கன அதைக் கேக்கப் போறா?" என்றான். "கேட்டாச்சுடே, நீ எழுது," என்றேன்.

போய்த் திரும்பிய மறுநாளே அக்கா கடைக்கு வந்தாள். சிலோன் தேயிலைப் பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்தாள். நான் வேலையை அப்படியே நிறுத்தினேன்.

"அந்தப் பக்கம் எப்படிக்கா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, தண்ணிதான்," என்று சிரித்தாள். "ஆனா கண்ணை எடுக்க முடியல. எங்க வீட்டுக்காரரு அங்கன போயும் குறட்டை விட்டுத் தூங்குனாவ. நான் சன்னல் ஓரத்துல நாற்காலியைப் போட்டவதான், சோத்துக்கு மட்டுந்தான் எந்திரிச்சேன். விடியிறது, வெயிலேறுறது, இருட்டுறது எல்லாத்தையும் ஒரே இடத்துல உக்காந்து பாத்தேன். நில்லு, போன்னு சொல்ல ஒருத்தர் இல்ல."

தேயிலைப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"கொழும்புல கப்பலைக் கட்டுனாம்லா, அப்போ என் பக்கத்தைக் கரையில கொண்டுபோயிக் கட்டிட்டான். எனக்கு ஆத்தாமையா வந்துச்சு. இம்புட்டுப் பாடுபட்டு வந்தும் கரைப் பக்கந்தானான்னு நினைச்சேன். சரின்னு கீழ பாத்தேன். ஒரு பொம்பளை, என் வயசுதான் இருக்கும். தலையில துண்டு. துறைமுக மேடையைப் பெருக்குற வேலை போல. விளக்குமாத்தைச் சாத்திட்டு நிழல்ல உக்காந்து, கப்பலை அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தா."

"நீங்க என்ன செஞ்சீய?"

"இருபத்தாறு வருஷத்துல எந்தக் கப்பல்ல இருந்தும் ஒருத்தரும் என்னைப் பாத்துக் கை காட்டுனதில்ல அண்ணாச்சி. நான் எந்திரிச்சு ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுனேன்."

"அவ பாத்தாளா?"

"பாத்தா. பாத்துட்டு, பின்னால திரும்பிப் பாத்தா. வேற யாருக்கோ காட்டுதேன்னு நினைச்சுட்டா." அக்கா மேசையை விரலால் தட்டிக் காட்டினாள். "சன்னல் கண்ணாடியைத் தட்டி, 'உனக்குத்தாம்ளா, உனக்குத்தான்'னு கத்துனேன். அவளுக்குக் கேக்குமா என்ன? ஆனா அவ துண்டைச் சரி பண்ணிக்கிட்டு எந்திரிச்சு நின்னா அண்ணாச்சி. நின்னு, கையைத் தூக்குனா."