முனிராஜு சொன்ன விலை

“விக்கவா சார், இல்ல விலை மட்டும் தெரியணுமா?”

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த முனிராஜு, பழைய ஸ்டீரியோவோடு யார் போனாலும் முதலில் இதைத்தான் கேட்பார். என்னையும் கேட்டிருக்கிறார். நேற்றுக் காலை அவர் தவறிவிட்டார் என்று அவர் மகள் போன் செய்தாள்...

விற்க வந்தவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்வார். உதாரணத்துக்கு, என் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பார்த்துவிட்டு, “எலி குடும்பம் நடத்துது சார், வாடகை எதுனா வாங்குறீங்களா?” என்றார்.

விலை மட்டும் கேட்க வந்தவர்கள் விஷயம் வேறு.

எண்பத்தேழோ எண்பத்தெட்டோ... எங்கள் மாடியில் செல்வம் குடியிருந்தார். திருநெல்வேலிக்காரர், ஃபேக்டரியில் ஃபிட்டர். போனஸ் முழுவதையும் கொடுத்து ‘ஃபாரின் செட்’ என்று யாரிடமோ ஒரு பழைய ஸ்டீரியோ வாங்கி வந்தார். பெட்டிக்கு மூன்று ஸ்பீக்கர்!

“நல்லா ஏமாந்துட்டு வந்திருக்கீய” என்றார் அவர் மனைவி இசக்கியம்மாள். ஒரு வாரம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“கடைல கேட்டுருவோம் வா, அப்பத் தெரியும் ஒனக்கு” என்று செல்வம் மனைவியோடு கிளம்ப, துணைக்கு நானும் போனேன். விற்பதற்கு இல்லை, விலை மட்டும் தெரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டோம்.

முனிராஜு ஒரு பாட்டைப் போட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கர் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து கன்னடத்தில், “மேஷ்ட்ரே, மத்யத்து ஒந்தே நிஜ. மிக்கித்தெல்லா பரீ முச்சள” என்றார். மாஸ்டர், நடுவில் உள்ளது ஒன்றுதான் நிஜம், மற்றதெல்லாம் வெறும் மூடி.

செல்வத்துக்குக் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது.

அவரிடம் திரும்பி, “நீங்க குடுத்த விலைக்குக் கொறையாது தம்பி” என்றார்.

செல்வம் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “கேட்டியாட்டீ?” என்றவர் அதோடு நிற்கவில்லை. “அப்போ நீங்களே எடுத்துக்கிடுங்களேன் அண்ணாச்சி.”

முனிராஜு என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

“விக்கதெல்லாம் வேண்டாம்” என்றார் இசக்கியம்மாள். “நல்ல பொருள்னு அவியளே சொல்லிட்டாவல்லா. வீட்டுலயே பாடட்டும்.”

செல்வம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே போனார். இசக்கியம்மாள் படி இறங்கும்போது திரும்பி, முனிராஜுவிடம் சொன்னார்:

“பர்த்தீவி அண்ணா.”

போய் வருகிறோம் அண்ணா என்று, சுத்தமான கன்னடம். தண்ணீர்க் குழாயடியில் கற்றுக்கொண்டது என்று பிறகு தெரிந்தது.

முனிராஜு எழுந்து வாசல் வரை வந்து ஒருவரை வழியனுப்பி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

இதை எழுதலாமா என்று செல்வத்திடம் போனில் கேட்டேன். “எழுதுங்க சார். அவ என்னைக்கோ சொல்லிட்டால்லா” என்று சிரித்தார். செட் இன்னும் பாடுகிறதாம்.

நிம்மதியாகப் போய் வாருங்கள், முனிராஜு.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய செட் கிடந்தால், விலை கேட்கப் போவதற்கு முன் கீழே இறக்கி, வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு பாட்டு முழுதாகப் போட்டுக் கேளுங்கள்.