நிரோசன் போடாத ஊசி

செய்தி வந்தபோது நான் நெடுந்தீவின் மேற்கு வெளியில், என் வாகனத்தில் வந்த சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுக் குதிரைகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். இறங்குதுறையிலிருந்து போன் வந்தது. "டேய், டொக்டர் போயிட்டார். கடல் தாம்போதி ரோட்டில மோட்டச்சயிக்கிள் சறுக்கிப் போச்சாம்." எந்த டொக்டர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் தீவுகளின் ஆடு, மாடு, குதிரை எல்லாவற்றுக்கும் இருந்த ஒரே வைத்தியன் நிரோசன்தான். என் வயதுக்காரன். என் நண்பன்.

அழுதேன். பிறகு இறங்குதுறைக்கு வந்து பார்த்தால் கடைகளெல்லாம் சாத்திக் கிடந்தன. செத்தவீட்டுக்குப் போகப் படகில் இடம் போதாமல் சனம் நெருக்குப்பட்டது. எனக்கென்றால் யார் கடை சாத்துவார்கள் என்று யோசித்தேன். இப்படி நினைக்கக்கூடாதுதான், ஆனால் நினைத்தேன். அவனைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு என்னையும் தெரியும்.

இருவரும் ஒன்றாகத்தான் மிருக வைத்தியம் படிக்கப் போனோம். நான் கெட்டிக்காரன், அவன் மந்தன். என் கணக்கு அதுதான். ஒருநாள் விரிவுரையாளர், குதிரைக்கு ஏற்றும் ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி, அது கடைசியில் எங்கே போகும் என்று கேட்டார். அவர் வாய் மூடமுதல் நான் சொன்னேன்: "சிறுநீரகத்தால வெளியில போகும், சேர்." பின் வரிசை வாங்கிலிருந்து நிரோசன் மெல்லக் கையை உயர்த்தினான். "சேர், சிறுநீரகம் வேலை செய்யாட்டி?"

அவ்வளவுதான். மிச்ச நேரம் முழுக்க அவர் அவனோடுதான் கதைத்தார். சரியான விடை சொன்ன நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது, விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். அவன் முடித்துவிட்டு எங்கள் தீவுகளுக்கே வேலைக்கு வந்தான். அவன் டொக்டர். நான் "அரை டொக்டர்". அந்தப் பட்டம் தந்தவர் மேரியக்கா. ஊர் முழுக்க அவனை டொக்டர் என்றது. நான் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

மேரியக்கா மாடு வளர்ப்பவர். வெளிமதிலோடு ஒரு கல்தொட்டி கட்டி, வறட்சிக்கு ஊர் மாடுகளும் குடிக்கட்டும் என்று தன் கிணற்றுத் தண்ணீரை நிறைத்து வைப்பார். அந்தத் தொட்டிக்குப் பழகிப்போன ஒரு சிவப்புப் பெண்குதிரை இருந்தது. போன வருடக் கடும் வெயிலில் அது கம்பிவேலியில் காலைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. கால் வீங்கிச் சீழ் வைத்திருந்தது. நிரோசன் படகேறி வந்தான். நான் கயிற்றைப் பிடித்தேன்.

அவன் முதலில் காலைப் பார்க்கவில்லை. கழுத்துத் தோலை நுள்ளி விட்டான். அது மடிந்தபடியே நின்றது, உடம்பில் தண்ணீர் இல்லை. தொட்டித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

"அக்கா, இது உப்பு."

"மாடுகள் காலங்காலமாக் குடிக்குது, தம்பி."

"மாடு குடிக்கட்டும். இதுக்கு பவுசர் தண்ணி வேணும்."

பவுசர் தண்ணீர் என்பது தாங்கி லொறியில் வர, சனம் வரிசையில் நின்று பிடிக்கும் குடிதண்ணீர். மேரியக்கா நெஞ்சில் கை வைத்தார். "எங்களுக்கே காணாது. குதிரைக்கோ?" என்றாலும் தண்ணீர்க் கான் வந்தது. அவன் மூக்கால் குழாய் விட்டுத் தண்ணீரை இறக்கினான். பிறகு இரத்தம் எடுத்தான், முழு அளவில் ஒரு ஊசி போட்டான், போய்விட்டான்.

அடுத்தநாள் இரத்த முடிவோடு வந்தான். சிறுநீரகம் பழுது. இரண்டாவது ஊசியை இப்போது போடமாட்டேன் என்றான்.

"பாதி அளவாப் போடு. ஒவ்வொரு நாளும் போடு," என்றேன் நான், வழக்கம்போல உடனே.

"பாதி போட்டாக் கிருமி சிரிக்கும், மச்சான். போட்டா முழுசாப் போடோணும். போட்டது வெளியில போகுமட்டும் காத்திருக்கோணும். நேத்துப் போட்டது இன்னும் உள்ளுக்க நிக்குது. அதுக்கு மேல ஏத்தினா, கால் சுகமாகும், சிறுநீரகம் செத்துப் போம்."

மேரியக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. "தண்ணி பருக்க டொக்டர் வேணுமே? அதுக்கு இந்த அரை டொக்டர் காணுமே!"

நிரோசன் சிரித்தான். "இப்ப தண்ணிதான் அக்கா மருந்து. மூத்திரம் போகுதோ எண்டு பாருங்கோ."

அன்று அவனைத் திட்டாத ஆளில்லை. ஊசி போட ஏலாதவனெல்லாம் வைத்தியனோ என்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது இனித்தது. அவன் திரும்ப இரத்தம் பார்த்து, அடுத்த ஊசியைப் பிந்தித்தான் போட்டான். குதிரை பிழைத்தது. "அந்தோனியார் சுகப்படுத்தினவர்," என்று மேரியக்கா மெழுகுதிரி கொளுத்தினார். நிரோசன் அதற்கும் சிரித்தான். அந்தச் சிரிப்பும் எனக்கு வராது.

அவன் செத்த முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் மேரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "என்ர குதிரைக்கு ஒவ்வொரு நாளும் கடல் தாண்டி வந்து ஊசி போட்டுக் காப்பாத்தின பிள்ளை." எல்லோரும் தலையாட்டினார்கள், அவனைத் திட்டியவர்களும்தான்.

"இல்லை அக்கா," என்றேன். "அவன் போடாமல்தான் காப்பாத்தினவன்."

"உனக்கு அவனில எரிச்சல், தம்பி. செத்த பிறகுமே?"

எரிச்சல்தான். ஆனால் எரிச்சல்பட்டவன்தான் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் செய்தது ஒவ்வொன்றும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. உங்களில் எவருக்கும் இல்லை.

போன கிழமை அதே குதிரை, மற்றக் காலில் புண்ணோடு தொட்டியடியில் வந்து நின்றது. அவனுக்குப் பதிலாக வந்த புது வைத்தியர் ஒரு இளம்பிள்ளை, இறங்கினதும் படகைப் பார்க்கிற அவசரம். மேரியக்கா முந்திக்கொண்டார். "முந்தி இருந்தவர் நாளுக்கொண்டு போட்டவர், பிள்ளை. நீங்களும் அப்பிடியே போடுங்கோ." அந்தப் பிள்ளை பையைத் திறந்து ஊசியை நிறைக்கத் தொடங்கியது.

"முதல் இரத்தம் எடுங்கோ," என்றேன். "இதுக்குச் சிறுநீரகம் பழுது."

அவர் நிமிர்ந்து என் செருப்பையும் சாரத்தையும் பார்த்தார். "ஆர் சொன்னது?"

நான் சொன்னேன் என்று சொல்லத்தான் வாய் உன்னியது. அரை டொக்டர் சொல்லி யார் ஊசியைக் கீழே வைப்பார்கள்?

"டொக்டர் நிரோசன் சொன்னவர்."

ஊசி பைக்குள் போனது. இரத்தம் எடுத்தார். நான் போய் எங்கள் வீட்டுப் பவுசர் தண்ணீரைக் கானோடு தூக்கி வந்தேன். குதிரை குடித்தது.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது வகுப்பில் அவன் கேட்ட அந்த ஒரு கேள்வியைத்தான். சிறுநீரகம் வேலை செய்யாட்டி? அது அன்றைக்கு எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இன்றைக்கும் எரிகிறது.